பேண்ட் 6 மூன்று முறை மறுப்பு: புகார் கொடுத்த அனுபவம் யாருக்காவது உண்டா?

வணக்கம் அக்கா, அண்ணன்மாரே. இங்கிலாந்தில் ஒரு என்.எச்.எஸ். (அரசு சுகாதார சேவை) மருத்துவமனையில் நான்கு வருடமாக பேண்ட் 5 நர்ஸாக இருக்கிறேன். அடுத்த பதவி நிலையான பேண்ட் 6-க்கு மூன்று முறை விண்ணப்பித்தேன். மூன்று முறையும் "இன்னும் தன்னம்பிக்கை வேண்டும்" என்ற ஒரே பதில். போன மாதம் அந்த இடத்துக்கு வந்தவர், வார்டில் நான் வேலை சொல்லிக்கொடுத்த வெள்ளைக்காரப் பெண். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் பிலிப்பைன்ஸ், நைஜீரியா, கேரளாவிலிருந்து வந்த தோழிகளுக்கும் இதே கதை என்னும்போது மனசு ஆறவில்லை.

2010 சமத்துவச் சட்டம் இருக்கிறது. 2015 முதல் என்.எச்.எஸ்.ஸே இன சமத்துவத் தரநிலை வைத்து ஒவ்வொரு வருடமும் கணக்கெடுக்கிறது. அதெல்லாம் சரி, என் வார்டில் யாரிடம் போய்ச் சொல்வது?

நேர்முகத் தேர்வில் போட்ட மதிப்பெண்களை எழுத்தில் கேட்டு வாங்கியவர்கள் இருக்கிறீர்களா? முதலில் யூனியனிடம் போவதா, நேராக மருத்துவமனையிடம் கிரீவன்ஸ் (முறையான புகார்) கொடுப்பதா? வேலைத் தீர்ப்பாயத்துக்குப் போகும் முன் ஏகாஸ் (Acas) என்ற வேலைத் தகராறு தீர்க்கும் அமைப்பில் சமரசத்துக்குப் பதிய வேண்டும், கெடுவும் ஓடிக்கொண்டிருக்கிறது.

அப்புறம், என் பெரிய பயம்: விசா இதே மருத்துவமனையின் ஸ்பான்சரில்தான். புகார் கொடுத்த பிறகு விசாவில் யாருக்காவது தொல்லை வந்ததா? இங்கே எழுதத் தயங்கினால் இன்பாக்ஸில் சொல்லுங்கள்.