குழந்தையின் ரோடு சைக்கிளில் முன் கியர் கல்லாக இருக்கிறதா? உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

மகளுக்கு ஒன்பது வயது. 24 அங்குலச் சக்கரம் வைத்த ரோடு சைக்கிள். முன்னால் இரண்டு பல்சக்கரம், பின்னால் எட்டு. பின் கியரை ஒரே விரலால் தட்டிவிடுகிறாள். முன்பக்கம் சின்னதிலிருந்து பெரியதுக்கு ஏற்ற இடது லீவரைத் தள்ளினால் மட்டும் நகரவே மாட்டேன் என்கிறது. அதனால் அந்த லீவரைத் தொடுவதையே விட்டுவிட்டாள். இறக்கத்திலும் சின்னப் பல்லிலேயே கால் பறக்க மிதிக்கிறாள்.

"சின்னக் கை, அவ்வளவுதான் வலு இருக்கும், வளர்ந்தால் சரியாகிவிடும்" என்று கேட்ட இடத்திலெல்லாம் சொன்னார்கள். நானே தள்ளிப் பார்த்தேன், எனக்கே விரல் வலித்தது. அப்புறம் எப்படிக் கையைக் குறை சொல்வது?

முன் டிரெய்லியர், அதாவது செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளும் பாகம், கொஞ்சம் கனமாகத்தான் இருக்கும். அதன் ஸ்பிரிங்கை எதிர்த்துத்தான் செயினைப் பெரிய பல்லுக்கு ஏற்ற வேண்டும். ஆனால் இது அந்தக் கனம் இல்லை. எங்கே பிடிக்கிறது என்று தெரிய, டிரெய்லியரில் கேபிளைப் பிடித்திருக்கும் போல்ட்டைத் தளர்த்திக் கேபிளை விடுவித்தேன். டிரெய்லியரை விரலால் வெளியே தள்ளினால் போனது, விட்டதும் சட்டென்று திரும்பியது. அங்கே கோளாறு இல்லை. அடுத்து கேபிளை அவுட்டரிலிருந்து (கேபிள் உள்ளே ஓடும் வெளியுறை) உருவி, நுனியைக் கையால் லேசாக இழுத்துப் பிடித்துக்கொண்டு லீவரைத் தட்டினேன். வெண்ணெய் மாதிரி போனது. மிச்சம் இருப்பது நடுவில் உள்ள அவுட்டர் மட்டும்தான்.

ஹேண்டில்பார் டேப்பைப் பிரித்தபோது காரணம் தெரிந்தது. பிரேம் சின்னது என்பதால் அவுட்டரையும் ஒட்ட வெட்டியிருக்கிறார்கள். லீவரிலிருந்து வெளியே வந்ததும் ஒரு இறுக்கமான வளைவு, பிரேமுக்குள் நுழையும் இடத்தில் இன்னொன்று. வளைவில் வரும் உராய்வு ஒன்றோடொன்று கூடுவதில்லை, பெருகுகிறது. முதல் வளைவு பாதி இழுவையைத் தின்றால், அடுத்தது மிச்சத்தில் பாதியைத் தின்னும். போதாததற்கு, வெட்டிய முனை நசுங்கி உள்ளே கேபிளைக் கவ்விக்கொண்டிருந்தது.

4 மில்லிமீட்டர் கியர் அவுட்டரும் 1.2 மில்லிமீட்டர் ஸ்டெயின்லெஸ் கேபிளும் புதிதாகப் போட்டேன். அவுட்டரைக் கொஞ்சம் நீளமாக, அகலமான வளைவாக விட்டேன். ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பினாலும் அது இழுபடக் கூடாது. வெட்டிய முனையைத் தட்டையாக அரத்தால் ராவி, உள்குழாயை ஊசியால் திறந்துவிட்டேன். பிரேக் அவுட்டரை மட்டும் இங்கே போட்டுவிடாதீர்கள். அதன் கம்பி சுருளாக ஓடும், இழுத்தால் அமுங்கும். கியர் அவுட்டரில் கம்பிகள் நீளவாக்கில் இருக்கும்.

இப்போது இரண்டு விரலால் ஏற்றுகிறாள். ஆனாலும் முழுத் திருப்தி இல்லை, இன்னும் லேசாக்க வழி உண்டா?

*

உண்டு. கேபிள் போல்ட்டுக்கு எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். எங்கள் பையன் சைக்கிளில் எல்லாம் புதுசு, ஆனாலும் கல். வாஷரில் கேபிளுக்கென்று ஒரு பள்ளம் இருக்கும். அதை விட்டுவிட்டு மறுபக்கமாகக் கட்டியிருந்தார்கள். சில மில்லிமீட்டர்தான் வித்தியாசம், ஆனால் கேபிள் டிரெய்லியரின் அச்சுக்குக் கிட்டே வந்துவிடுகிறது. நெம்புகோலின் கை குட்டையானால் தேவைப்படும் விசை ஏறத்தானே செய்யும்? சரியான பள்ளத்தில் வைத்து முடுக்கினேன், வேறு சைக்கிள் போலாகிவிட்டது. ஷிமானோவின் பல ரோடு டிரெய்லியர்களுக்கு இந்த போல்ட்டின் முடுக்கம் 5 முதல் 7 நியூட்டன் மீட்டர். அதற்கு மேல் போனால் கேபிள் நசுங்கும்.

*

எனக்கு வந்தது பழைய சைக்கிள். மேலே சொன்ன அதே சோதனையில் டிரெய்லியரே மாட்டிக்கொண்டது: வெளியே தள்ளினால் அங்கேயே நின்றது. அச்சுகளில் துரு. துரு இளக்கும் எண்ணெயை விட்டு, ஊறவைத்து, கையால் ஆட்டி ஆட்டி, அழுக்கைத் துடைத்து, கடைசியில் ஒவ்வொரு அச்சிலும் ஒரு சொட்டு செயின் ஆயில். காசு செலவே இல்லை. பெடல் அச்சுக்கு அடியில் கேபிள் ஓடும் பிளாஸ்டிக் வழியையும் கழுவிவிடுங்கள். சிந்திய இனிப்புப் பானமெல்லாம் வழிந்து ஒட்டிக்கொள்கிற இடம் அது.

*

தொடக்கத்திலிருந்தே கனமா, கடைசியில் மட்டும் முட்டுகிறதா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். கடைசியில் முட்டினால் அது உராய்வு அல்ல. 'ஹெச்' ஸ்குரூ (டிரெய்லியர் எவ்வளவு வெளியே போகலாம் என்று நிறுத்தும் திருகு) அதிகமாக உள்ளே போயிருக்கும், இல்லையென்றால் கேபிள் தேவைக்கு மேல் இறுகியிருக்கும். லீவர் தன் பயணத்தை முடிக்குமுன் டிரெய்லியர் நின்றுவிடுகிறது, குழந்தை அதை எதிர்த்துத் தள்ளுகிறது. செயினைச் சின்னப் பல்லில் வைத்து, லீவரை முழுக்க இறக்கிவிட்டு, அதன் பிறகே கேபிளைக் கட்டுங்கள். டிரெய்லியர் கூண்டின் வெளித்தகடு பெரிய பல்லின் நுனியிலிருந்து 1 முதல் 3 மில்லிமீட்டர் உயரத்தில், பல்சக்கரத்துக்கு இணையாக இருக்க வேண்டும்.

*

என் கருத்து கொஞ்சம் வேறு. இந்த வயதுக்கு முன்னால் இரண்டு எதற்கு? 34 பல்லில் ஒற்றைச் சக்கரம், பின்னால் 11 முதல் 32 வரை. 24 அங்குலச் சக்கரத்தில் மிகக் கனமான கியரில் ஒரு மிதிச் சுற்றுக்குச் சுமார் 5.5 மீட்டர் ஓடும். நிமிடத்துக்கு 80 சுற்று மிதித்தால் மணிக்கு 26 கிலோமீட்டர். ஒன்பது வயதுக்கு இதுக்கு மேல் எதுக்கு? முன் டிரெய்லியர், அதன் கேபிள், இடது பக்கத் தொல்லை எல்லாமே போய்விடும். ஒரு விஷயம்: சாதாரணச் சக்கரத்தில் செயின் கழன்றுவிடும். பல் ஒன்று தடிமனாகவும் அடுத்தது மெலிதாகவும் மாறி மாறி வரும் சக்கரம்தான் போட வேண்டும். பின் டிரெய்லியர் 32 பல்லைத் தாங்குமா என்றும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

*

கேட்டவன்தான் மறுபடியும். கேபிள் சரியான பள்ளத்தில்தான் இருந்தது. 'ஹெச்' ஸ்குரூவை அரைச் சுற்று வெளியே எடுத்தேன், அந்தக் கடைசி முட்டல் போனது. லீவரிலேயே ரீச் ஸ்குரூ (லீவருக்கும் ஹேண்டிலுக்கும் உள்ள தூரத்தை மாற்றும் திருகு) இருப்பதையும் கண்டுபிடித்தேன். லீவரை ஹேண்டில் பக்கம் இழுத்துவிட்டதில் விரல் நுனியால் தள்ளாமல் விரலின் நடுப்பகுதியால் பலத்தோடு தள்ளுகிறாள். மேட்டில் அழுத்தி மிதிக்கும்போது மாற்றாதே, மேடு வருமுன் காலைத் தளர்த்திச் சுற்றிக்கொண்டே மாற்று என்றும் சொல்லிக் கொடுத்தேன்.

ஒற்றைச் சக்கரம் பற்றி அவளிடமே கேட்டேன். பெரிய பல்லுக்கு ஏறும்போது வரும் சத்தம் பிடிக்குமாம், வேண்டாம் என்றுவிட்டாள். புதுக் கேபிள் கொஞ்சம் ஓடியதும் தளரும் என்பதால், அடுத்த வாரம் கேபிளின் இறுக்கத்தைச் சரிசெய்யும் அட்ஜஸ்டரை ஒரு திருகு திருக வேண்டியிருக்கும்.