நிரலில் பிரித்ததும் செல்கொல்லும் திறன் காணாமல் போகிறது, ஏன்?

கேள்வி (ஆய்வு மாணவி):
கடற்பஞ்சின் மெத்தனால் சாற்றை எம்சிஎஃப்-7 மார்பகப் புற்றுசெல்களில் எம்டிடி முறையில் (உயிருள்ள செல்கள் மஞ்சள் சாயத்தை ஊதாவாக்குவதை அளக்கும் சோதனை) சோதித்தேன். ஐசி50 மதிப்பு (செல்களின் உயிர்ப்பைப் பாதியாகக் குறைக்கும் அளவு) மில்லிலிட்டருக்கு 18 மைக்ரோகிராம். நீரையும் எத்தில் அசிட்டேட்டையும் வைத்துப் பிரித்தபோது திறன் முழுக்க எத்தில் அசிட்டேட் பக்கமே வந்தது. அதைச் சிலிக்கா தூள் நிரப்பிய குழாயான நிரலில் ஓட்டி, பிரிந்து இறங்கும் பகுதிகளை (பிராக்‌ஷன்) தனித்தனியாகச் சோதித்தால், எந்த பிராக்‌ஷனிலும் செல்கள் சாகவில்லை. எங்கே போயிருக்கும்?

பதில் (இயற்கைச் சேர்மக்காரன்):
முதலில் எடையைப் பாருங்கள். ஏற்றியது எத்தனை மில்லிகிராம், இறங்கியது எத்தனை? குறைந்தால் மீதி சிலிக்காவிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. கடைசியில் சுத்த மெத்தனால் விட்டுக் கழுவினீர்களா? எடைக் கணக்கு இல்லாமல் நிரல் ஓட்டுவதில் எனக்கு உடன்பாடே கிடையாது.

எடை சரியாக இருந்தால், எல்லா பிராக்‌ஷனிலிருந்தும் கிடைத்த விகிதத்திலேயே கொஞ்சம் எடுத்து மறுபடி ஒன்றாகக் கலந்து சோதியுங்கள். திறன் திரும்பினால் இரண்டு மூன்று சேர்மங்கள் கூட்டாக வேலை செய்திருக்கலாம். திரும்பாவிட்டால் சேர்மம் சிதைந்திருக்கவே வாய்ப்பு அதிகம். சிலிக்காவுக்கு லேசான அமிலத்தன்மை உண்டு, எபாக்சைடு போன்றவை அதில் உடைந்துபோகும். அப்போது சி-18 அல்லது செஃபடெக்ஸ் எல்ஹெச்-20 என்ற மென்மையான நிரல் பொருட்களுக்கு மாறிவிடுங்கள்.

கேட்டவர்:
எடை கிட்டத்தட்ட முழுசாக வந்துவிட்டது. கலந்து பார்க்கவில்லை, இந்த வாரமே பார்க்கிறேன்.

பதில் (செல் வளர்ப்புக்காரி):
எம்டிடியையும் கொஞ்சம் சந்தேகியுங்கள். செல்லே இல்லாத குழியில் வளர்ப்பு ஊடகம், பிராக்‌ஷன், எம்டிடி மூன்றையும் மட்டும் விட்டுப் பாருங்கள். மஞ்சள் ஊதாவாக மாறினால் உங்கள் பிராக்‌ஷனே சாயத்தை ஒடுக்கி (எலக்ட்ரான் தந்து) ஊதாவாக்குகிறது. செத்த செல்லும் உயிரோடு இருப்பதாகக் கணக்கில் வரும். சாயம் விடும் முன் ஊடகத்தை எடுத்துவிட்டு பிபிஎஸ் உப்புக் கரைசலில் கழுவுங்கள், செல்களின் புரதத்தைச் சாயமேற்றி அளக்கும் எஸ்ஆர்பி முறையிலும் ஒருமுறை சரிபாருங்கள்.

பதில் (இயற்கைச் சேர்மக்காரன்):
நல்ல யோசனை. இன்னொன்று, டிஎல்சி (மெல்லடுக்குப் பிரிப்பு) தகட்டில் தெரியும் புள்ளிகளை மட்டும் நம்பி பிராக்‌ஷன்களைச் சேர்க்காதீர்கள். ஹாலிகாண்ட்ரின் பி என்ற செல்கொல்லிச் சேர்மத்தை நினைத்துப் பாருங்கள்: 600 கிலோ கடற்பஞ்சிலிருந்து ஜப்பானிய வேதியியலாளர்கள் ஹிராத்தாவும் உயேமுராவும் எடுத்தது வெறும் 12.5 மில்லிகிராம். அதன் அமைப்பைப் பின்பற்றி உருவான எரிபுலின் 2010-இல் மார்பகப் புற்றுநோய்க்கு மருந்தாக அனுமதி பெற்றது. வீரியமான சேர்மம் தகட்டில் புள்ளியாகவே தெரியாமல் போகலாம். அதனால் காலியாகத் தெரியும் பிராக்‌ஷன்களையும் கொட்டிவிடாமல் உலர்த்தி, மைனஸ் 20 டிகிரியில் வையுங்கள்.