சைக்கிள் விடுமுறைக்கு வருகிறவர்கள் யார்? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

வழிகாட்டியாக இருப்பவர்:

சைக்கிள் சுற்றுலா நடத்தும் இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் கேட்பது, ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் வைக்கலாம் என்றுதான். நான் பழகிய ஆட்களை வைத்துச் சொல்கிறேன், அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். வருகிறவர் சைக்கிள் ஓட்டுவதற்காகவே விடுமுறை எடுத்தவரா, விடுமுறையில் சைக்கிளும் ஓட்டலாம் என்று நினைப்பவரா? அதைத்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

பிரெஞ்சு ஆல்ப்ஸில் ஆல்ப் துயெஸ் ஏற வந்த ஒருவரை மறக்க முடியாது. கிட்டத்தட்ட 14 கிலோமீட்டர் ஏற்றம், 21 கொண்டை ஊசி வளைவுகள். டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தின் ஒரு நாள் ஓட்டம் அங்கே போய் முடிந்தபோது வென்றவர்களின் பெயர்கள் அந்த வளைவுகளின் பலகைகளில் இருக்கின்றன. எந்தப் பலகையில் யார் பெயர் என்று அவருக்கு அத்துப்படி. சொந்த பெடலும் சீட்டும் பையில் கொண்டு வந்திருந்தார். சீட் உயரம் மில்லிமீட்டர் கணக்கில் எழுதி வைத்திருந்தார். அறை எப்படி இருக்கும் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரவில் சைக்கிளை எங்கே பூட்டி வைப்பது, காலை உணவு எத்தனை மணிக்கு, இந்த இரண்டும்தான் அவருடைய கவலை.

டான்யூப் ஆற்றங்கரைப் பாதையில் பார்த்த தம்பதி இதற்கு நேர்மாறு. ஜெர்மனியின் பாசாவ் நகரிலிருந்து வியன்னா வரை 300 கிலோமீட்டருக்கு மேல், பெரும்பாலும் சமதளம். களைத்துப்போனால் ரயிலோ படகோ பிடிக்கலாம். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டது, "நாங்கள் போய்ச் சேரும்போது, தனியாக வண்டியில் அனுப்பிய எங்கள் பெட்டி அறையில் இருக்குமா?" அவர்களுக்கு நல்ல விடுமுறை என்பது அந்தப் பெட்டி நேரத்துக்கு வந்து சேர்வதில் இருந்தது. இந்த இரண்டு வகை ஆட்களுக்கும் ஒரே மலைப்படத்தைப் போட்டு விளம்பரம் செய்கிறார்கள். ஆற்றங்கரைக்கு வரக்கூடியவர் அந்தப் படத்தைப் பார்த்தே பயந்து ஒதுங்கிவிடுகிறார். எனக்கு இது உண்மையிலேயே வருத்தம்.

பேட்டரி சைக்கிள் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளாக ஓட்டும் ஒரு பெண்மணி, முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்த கணவரோடு வந்திருந்தார். பேட்டரி சைக்கிள் கணவருக்கு. முன்பெல்லாம் இப்படிப்பட்டவர்களில் ஒருவர் மட்டும் வருவார், இல்லை இரண்டு பேருமே வரமாட்டார்கள். ஐரோப்பாவில் சாதாரண பேட்டரி சைக்கிளின் மோட்டார் 250 வாட்; மணிக்கு 25 கிலோமீட்டரைத் தொட்டதும் மோட்டார் தரும் உதவி நின்றுவிடும். அதனால் சமதளத்தில் மனைவி முந்துவார், ஏற்றத்தில் கணவர் பிடித்துவிடுவார். நாள் முழுக்கச் சேர்ந்தே போனார்கள். ஆனால் ஒன்று, இந்த பேட்டரியைப் பயணிகள் விமானத்தில் கொண்டு வர முடியாது. அங்கே 160 வாட்-மணிக்கு (பேட்டரியில் அடங்கும் மின்சாரத்தின் அளவு) மேல் அனுமதி இல்லை. சைக்கிள் பேட்டரிகளோ பெரும்பாலும் 400-ஐத் தாண்டியவை. ஆகவே தூரத்திலிருந்து வருகிறவர் போகிற இடத்தில்தான் வாடகைக்கு எடுக்க வேண்டும். நல்ல வாடகை சைக்கிள் இல்லாத ஊர் இந்த வாடிக்கையாளரை அப்படியே இழக்கிறது.

விடுதி வரவேற்பில் இருந்தவர்:

நீங்கள் சொன்னதோடு பருவத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் ஸ்பெயினின் மயோர்க்கா தீவில் வேலை பார்த்தேன். கடற்கரைக் கூட்டம் வருவதற்கு முன்பே, வசந்த காலத்தில், சைக்கிள்காரர்கள் வந்துவிடுவார்கள். பல விடுதிகள் அந்த மாதங்களில் திறந்திருக்க அவர்களும் ஒரு காரணம். சா கலோப்ரா என்ற இடத்துக்கு மலையிலிருந்து கடல் வரை இறங்குகிற சாலை உண்டு. அதோடு சாலை முடிந்துவிடும், இறங்கினவர் சைக்கிளில் திரும்புவதானால் அதே வழியில் ஏறித்தான் வர வேண்டும். அதற்காகவே வருகிறவர்கள் நிறையப் பேர்.

அவர்கள் என்னிடம் கேட்டவை: ஈரத் துணியை இரவுக்குள் உலர்த்தித் தர முடியுமா, சைக்கிள் கழுவ இடம் உண்டா, காற்றடிக்கும் பம்ப் இருக்கிறதா. அப்புறம், குழுவாக வருகிறவர்களில் முடிவெடுப்பவர் பெரும்பாலும் ஒருவர்தான். அவர் மனம் நிறைந்து போனால் அடுத்த வசந்தத்தில் முழுக் குழுவையும் அழைத்து வருவார்.

ஓட்டாத ஒருவர்:

என் கணவர் சைக்கிள் பைத்தியம், நான் ஓட்டுவதில்லை. ஆனால் எந்த ஊருக்குப் போவது என்று எங்கள் வீட்டில் முடிவு செய்வது நான்தான். அவர் மலை ஏறுகிற நேரத்தில் நான் நடந்து சுற்ற இடம் இருக்கிறதா, மதியம் அவரை எங்கே சந்திக்கலாம், ஊருக்குப் பேருந்து உண்டா என்று தேடுவேன். சைக்கிள் பயணம் விற்கிறவர்கள் இதைப் பற்றி ஒரு வரி எழுதுவதே அரிது. பதில் கிடைக்காத ஊர்களைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவேன். அங்கே ஏற்றம் எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி.

வழிகாட்டியாக இருப்பவர்:

நன்றி, இது முக்கியமான விஷயம். முன்பதிவுப் படிவத்தில் உயரம், ஓட்டும் பழக்கம் எல்லாம் கேட்கிறோம். "ஓட்டாதவர் யாராவது உடன் வருகிறாரா?" என்றும் கேட்கச் சொல்லி எழுதுகிறேன். அந்த மதியச் சந்திப்பு இடத்தை வரைபடத்திலேயே குறித்துக் கொடுக்க முடியும், பெரிய வேலை இல்லை. பாறை ஏறுதல், கயாக் மாதிரி விடுமுறைகள் நடத்துகிறவர்களும் இங்கே இருப்பீர்கள். உங்களிடம் வருகிறவர்களும் இப்படித்தான் பிரிகிறார்களா?