கொறங்காட்டில் கூடு கட்டும் பறவைகளை வருடா வருடம் எப்படிக் கணக்கெடுப்பது?

கிளுவைவேலி:
காங்கேயம் பக்கம் எங்கள் ஊரில் கொறங்காடு (வேலியடைத்த மானாவாரி மேய்ச்சல் நிலம்), கிணற்றுப் பாசனத் தோட்டம், ஒரு சின்னத் தென்னந்தோப்பு எல்லாம் சேர்த்து 200 ஏக்கர் இருக்கும். இங்கே கூடு கட்டும் பறவைகள் கூடுகின்றனவா, குறைகின்றனவா என்று பத்து வருடமாவது விடாமல் பார்க்க நான்கு பேர் தயார். இட்டேரி (இரண்டு வேலிகளுக்கு நடுவே போகும் ஊர்ப்பாதை) வழியே நடந்து எண்ணலாம் என்பது திட்டம், நிலத்துக்காரர்களிடம் அனுமதி கேட்டு அலைய வேண்டாம். எந்த மாதம், எத்தனை முறை, எவ்வளவு தூரம் நடக்கணும்? கூடுகளைத் தேடி எண்ணிவிட்டால் போதாதா?

வெள்வேல்:
இட்டேரியை மட்டும் நம்பாதீங்க. இரண்டு பக்கமும் கிளுவை முள்வேலியும் புதரும் அடைந்து கிடக்கும் வழி அது. சின்னான், தவிட்டுக்குருவி, கதிர்க்குருவி எல்லாம் அள்ளிக்கொண்டு வரும். வேலிக்கு அந்தப் பக்கம் வெட்டவெளியில் இருக்கும் சாம்பல் தலை வானம்பாடியும் மஞ்சள் மூக்கு ஆள்காட்டியும் கணக்கிலேயே ஏறாது. மேய்ச்சல் நிலம் உழவுக்கோ மனைக்கோ போனால் முதலில் இடம் இழப்பவை இந்த இரண்டும்தான். அப்போதும் உங்கள் இட்டேரிக் கணக்கில் ஒரு குறையும் தெரியாது.

அனுமதி வாங்கிப் படலைத் திறந்து உள்ளே போங்க. நடந்து எண்ணுவதற்கு ஒரு கிலோமீட்டர் நீளத்தில் இரண்டு நேர்கோடு, நடுவில் 400–500 மீட்டர் இடைவெளி. ஒவ்வொரு கோட்டையும் 200 மீட்டர் துண்டுகளாக ஐந்தாகப் பிரிச்சுக்கோங்க. பிரிட்டனில் 1994 முதல் இதே அமைப்பில்தான் கூடு கட்டும் பறவைகளை எண்ணுகிறார்கள். சூரியன் உதித்து அரை மணிக்குள் கிளம்பி, ஒரு கோட்டுக்கு 45 நிமிடம் என்று நடந்தால் எட்டரை மணிக்குள் இரண்டும் முடியும். பங்குனியில் எட்டரைக்கு மேல் வெயில் ஏறினால் பாட்டு அடங்கிவிடும்.

பறவை முதலில் கண்ணிலோ காதிலோ பட்டபோது கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி இருந்தது என்று குறிக்கணும்: 25 மீட்டருக்குள், 25 முதல் 100, அதற்கு மேல். தலைக்கு மேலே பறந்து போகிற கிளிக்கூட்டம் தனிப் பத்தியில். இரண்டு பக்கமும் 25 மீட்டர் என்றால் ஒரு கிலோமீட்டருக்கு 5 ஹெக்டேர். அந்தப் பட்டைக்குள் 10 வானம்பாடி என்றால் ஹெக்டேருக்கு இரண்டு. கண்ணில் படாதவையும் இருக்கும் என்பதால் உண்மை எண்ணிக்கை இதைவிடக் கூடுதலாகவே இருக்கும். குயில் கத்துவது வெகுதூரம் கேட்கும். அதை இந்தக் கணக்கில் சேர்த்தால் எல்லாம் கெட்டுப்போகும். 25 மீட்டரைக் கண்ணால் மதிப்பிடுவதில் ஆளுக்கு ஆள் வித்தியாசம் வரும். முதல் நாளே 25 மீட்டர் கயிற்றைப் பிடித்து, வேலிக் காலையும் மரத்தையும் அடையாளம் வைத்து நான்கு பேரும் பழகிக்கணும்.

ஆள்காட்டி:
எப்போது என்ற கேள்விக்கு: முதல் நடை பங்குனி நடுவில், இரண்டாவது வைகாசி முதல் வாரத்தில். அதற்கு மேல் தள்ளினால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பிடித்துக்கொள்ளும். ஆனி, ஆடியில் அந்த இரைச்சலில் 50 மீட்டருக்கு அப்பால் ஒரு கதிர்க்குருவியும் காதில் விழாது. காற்றால் குறைந்த எண்ணிக்கையைப் பறவை குறைந்ததாக எழுதிவிடுவோம். மூன்றாவது நடை ஐப்பசி மழைக்குப் பிறகு. புல் வளர்ந்ததும் கூடு கட்டுகிறவை அப்போது தெரியும். ஒவ்வொரு இனத்துக்கும் மூன்று நடைகளில் வந்த அதிகபட்ச எண்ணையே அந்த வருடத்துக்கு எடுத்துக்கோங்க, கூட்டிவிடாதீங்க.

கூடு தேடுவது வேண்டாம். மஞ்சள் மூக்கு ஆள்காட்டியின் கூடு வெறும் தரைக்குழி, சுற்றிலும் சரளையும் ஆட்டுப் புழுக்கையும். நான்கு முட்டை, கூர்முனை உள்ளே பார்த்தபடி. தாய் கொஞ்ச நேரம் விலகி நின்றாலும் பங்குனி வெயிலில் முட்டை கெட்டுப்போகலாம். நம் பின்னாலேயே காக்காயும் வரும். அது போக, 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி முட்டையை எடுப்பதும் கூட்டைக் கலைப்பதும் குற்றம். நடத்தையே போதும். ஆண் வானம்பாடி இறக்கையடித்து மேலேறி, இறக்கையை மூடிக்கொண்டு அலை அலையாக விழுந்தால் அங்கே அதற்கு இடம் இருக்கிறது என்று பொருள். வாயில் புழுவோடு போகிறது என்றால் குஞ்சு உறுதி. இந்த இரண்டையும் எண்ணிக்கையோடு கலக்காமல் தனிக் குறியாகப் போடுங்க.

கிளுவைவேலி:
நன்றிங்க. கிணற்று மேட்டில் தூக்கணாங்குருவிக் கூடுகள் நிறைய தொங்குகின்றன. அவற்றை எண்ணலாமா?

பனைஉச்சி:
எண்ணலாம், ஆனால் எல்லாவற்றையும் இல்லை. ஆண் குருவி கவிழ்த்த கிண்ணம் போலப் பாதி கட்டி நிறுத்தும். பெண் வந்து பார்த்துப் பிடித்த பிறகே கீழே குழாய் நீளும். ஒரே ஆண் பல கூடு கட்டும். எனவே பாதிக் கூடு ஒரு பத்தி, குழாய் முடிந்தது ஒரு பத்தி. பச்சையும் வெளிர்ப்பச்சையும் இந்த வருடத்தவை. காய்ந்து பழுப்பேறியது போன வருடத்து மிச்சமாகவும் இருக்கலாம், சேர்க்காதீங்க.

மேலே யாரும் சொல்லாதது: ஒவ்வொரு 200 மீட்டர் துண்டுக்கும் நிலத்தையும் எழுதணும். கொழுக்கட்டைப் புல்லா, சோளமா, ஆடு மேய்கிறதா, சும்மா கிடக்கிறதா, கிளுவை வேலி கம்பிவேலி ஆகிவிட்டதா, எத்தனை வெள்வேல் மரம், தலை போன மொட்டைப் பனை எத்தனை. கடைசியில் சொன்னது ரொம்ப முக்கியம். பனங்காடையும் கிளியும் புள்ளி ஆந்தையும் கூடு கட்ட அந்த மொட்டைப் பனையின் பொந்தை நம்பித்தான் இருக்கின்றன. "காய்ந்த பனைதானே" என்று வெட்டிவிட்டால், இரண்டு வருடம் கழித்துப் பனங்காடை ஏன் குறைந்தது என்பதற்கு உங்கள் நோட்டில் பதில் இருக்காது.

ஆந்தையும் பக்கியும் (இரவில் பறந்து பூச்சி பிடிக்கும் பறவை) காலை நடையில் வராது. சூரியன் மறைந்து இருபது நிமிடம் கழித்து, கோட்டில் மூன்று இடத்தில் ஐந்தைந்து நிமிடம் நின்று கேளுங்க. பதிவு செய்த பறவை ஒலியை ஓடவிட்டுக் கூப்பிடாதீங்க, கூட்டில் இருப்பது வெளியே வந்துவிடும். ஈபேர்ட் என்ற பறவைப் பதிவு இணையதளத்தில், கண்டதையெல்லாம் விடாமல் சேர்த்த முழுப் பட்டியலாக ஏற்றும்போது ஆள்காட்டிக் கூட்டின் இடத்தைக் குறிப்பில் எழுத வேண்டாம்.