புதுப்பிப்பு: பேஸ் கிட்டாருக்குச் சின்ன கேபினெட், ஒருவழியாக வாங்கிவிட்டேன்

எடை குறைந்த பேஸ் கேபினெட் (ஸ்பீக்கர் பெட்டி) வேண்டும், இரண்டு 10 இஞ்ச் ஸ்பீக்கரா ஒரே 12 இஞ்ச்சா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்னவர்களுக்கு நன்றி. ஒரே 12 இஞ்ச், 8 ஓம் மின்தடை, நியோடிமியம் காந்தம் உள்ளதை எடுத்துவிட்டேன்.

எடை குறைய முக்கியக் காரணம் அந்தக் காந்தம்தான். அதே வலிமைக்கு ஃபெரைட் காந்தம் பல மடங்கு கனக்கும். எட்டு 10 இஞ்ச் ஸ்பீக்கர் கொண்ட ஆம்பெக் நிறுவனப் பெட்டி 60 கிலோவுக்கு மேல். அதை மாடியேற்ற இரண்டு பேர் வேண்டும், அப்புறம் முதுகுக்குத் தைலமும். இதை நான் ஒற்றைக் கையில் தூக்கிப்போகிறேன்.

ஆனால் ஹாஃப்மன் விதி சும்மா விடுவதில்லை: சிறிய பெட்டி, ஆழமான பேஸ், அதிகத் திறன் (குறைந்த மின்சக்தியில் அதிகச் சத்தம்), மூன்றில் இரண்டுதான் கிடைக்கும். நான்கு கம்பி பேஸ் கிட்டாரின் தாழ்ந்த ஸ்வரமான ஈ (E) 41 ஹெர்ட்ஸ். அந்த அடிப்படை அதிர்வு இதில் மெலிந்தே வருகிறது. அதன் இருமடங்கான 82 ஹெர்ட்ஸில் வரும் ஹார்மோனிக்தான் (மேலதிர்வு) ஸ்வரத்தைக் காதுக்குக் காட்டிக்கொடுக்கிறது. டிரம்ஸோடு வாசிக்கும்போது குறையே தெரியவில்லை, தனியாக வாசித்தால் கொஞ்சம் ஒல்லி. ஐந்து கம்பிக்காரர்களுக்குத் தாழ்ந்த பி (B) 31 ஹெர்ட்ஸ் வரை இறங்கும், அதனால் வாசித்துப் பார்த்தே வாங்குங்கள்.

4 ஓம் எடுக்கச் சொன்னவருக்கு: என் ஆம்ப் (ஒலிபெருக்கி) 4 ஓமுக்குக் கீழே தாங்காது, அதனால் 4 ஓம் பெட்டி வாங்கினால் பிறகு இன்னொன்றை இணையாகச் சேர்க்க முடியாது. 8 ஓம் என்றால் இதே மாதிரி இன்னொன்றை இணையாக இணைத்து 4 ஓமுக்குக் கொண்டுவரலாம். அந்த இரண்டாவது பெட்டிக்கு இப்போது காசில்லை என்பது வேறு விஷயம்.