ஆடும் கோழியும்: 'எக்ஸ், ஒய்' போடலைன்னா மார்க் கிடையாதா?

செம்பருத்தி:
பையன் ஒன்பதாவது, மாநிலப் பாடத்திட்டம். போன வாரம் டெஸ்ட். "ஒரு பட்டியில் ஆடும் கோழியும் சேர்த்து 35 தலை, 94 கால். ஆடு எத்தனை, கோழி எத்தனை?" இவன் எழுதினது இவ்வளவுதான்: எல்லாமே கோழின்னா 70 கால். மிச்சம் 24. ஒரு ஆட்டுக்கு ரெண்டு கால் கூட. அதனால 12 ஆடு, 23 கோழி. விடை சரி. ஆனா 5க்கு 1 போட்டு, சிவப்பு மையில "சமன்பாடு எங்கே?"ன்னு எழுதியிருக்காங்க. இது நியாயமா?

மிச்சம்மீதி:
அநியாயம். இதே 35, இதே 94, சுன்சியின் பழைய சீனக் கணக்கு நூல்லயே இருக்கு. 1500 வருஷத்துக்கு மேல ஆச்சு. அங்க ஆட்டுக்குப் பதிலா முயல். வழி என்ன தெரியுமா? காலைப் பாதியாக்கு, 47. தலையைக் கழி, 12. முடிஞ்சது. எல்லா உருப்படியும் பாதிக் காலைத் தூக்கிக்கிட்டு நிக்கறதா நினைச்சுப் பாருங்க. கோழி ஒத்தைக் கால்ல நிக்கும், ஆடு ரெண்டு கால்ல. தலையை விட எத்தனை கால் கூடுதலோ அத்தனை ஆடு. உங்க பையன் சுயமா யோசிச்சிருக்கான்மா.

கரும்பலகை:
நான் கணக்கு டீச்சர், 19 வருஷமா. 1 மார்க் கஞ்சத்தனம்தான், நானா இருந்தா 3 போட்டிருப்பேன். ஆனா கேள்வியில "சமன்பாடுகள் அமைத்துத் தீர்க்க"ன்னு இருந்துச்சான்னு பாருங்க மேடம். பிரதியிடல், நீக்கல், குறுக்குப் பெருக்கல்னு பாடமே அந்த முறைகளுக்குத்தான். அடுத்த வருஷம் மூணு மாறி, அதாவது தெரியாத எண் மூணு, வரும். அப்ப எதைக் கோழின்னு வச்சுக்குவான்?

மிச்சம்மீதி சார், இதை மனசுல போடுங்க. நம்ம பழைய கணித மேதை பாஸ்கரரோட பீஜகணிதம்ங்கிற இயற்கணித நூல்ல வர்றது, கி.பி. 1150. ஒருத்தன் சொல்றான்: "நண்பா, 100 கொடு, உன்னைப் போல ரெண்டு மடங்கு பணக்காரன் ஆயிடுவேன்." மத்தவன்: "நீ எனக்கு 10 கொடு, நான் உன்னைப் போல ஆறு மடங்கு." யார்கிட்ட எவ்வளவு?

செம்பருத்தி:
ஆமா டீச்சர், கேள்வியில அப்படித்தான் இருக்கு. நான் கவனிக்கல.

மிச்சம்மீதி:
100 கைமாறின பிறகு ரெண்டாமவன்கிட்ட ஒரு பங்கு, முதலாமவன்கிட்ட ரெண்டு பங்கு. அப்ப ஆரம்பத்துல முதலாமவன்கிட்ட ரெண்டு பங்குல 100 குறைவு, ரெண்டாமவன்கிட்ட ஒரு பங்கும் 100ம். இப்ப முதலாமவன் 10 கொடுக்கட்டும். அவன்கிட்ட 2 பங்கு − 110, ரெண்டாமவன்கிட்ட அதைப் போல ஆறு மடங்கு. 12 பங்கு − 660 = 1 பங்கு + 110. 11 பங்கு 770, பங்கு 70. முதலாமவன் 40, மத்தவன் 170. எக்ஸும் இல்ல, ஒய்யும் இல்ல.

கரும்பலகை:
அந்தப் "பங்கு"தான் சார் எக்ஸ்! வேற சட்டை போட்டு வந்திருக்கு, அவ்வளவுதான். பாஸ்கரரே தெரியாத எண்ணை யாவத்தாவத்னாரு, அடுத்ததுக்குக் காலகம், நீலகம்னு நிறப் பேரு வச்சாரு.

என் கவலை வேற. ஆ + கோ = 35ன்னு எழுதிட்டு, "ஆ"ன்னா ஆடுன்னு நினைக்கிறாங்க. அது ஆட்டோட எண்ணிக்கை. இந்த ஒண்ணு தெளிவாகலைன்னா 4ஆ + 2கோ = 94 வெறும் மனப்பாடம். ஈரிலக்க எண் கணக்கு வந்தா இன்னும் மோசம். 10க + ச எழுத வேண்டிய இடத்துல "கச"ன்னு பக்கத்துல பக்கத்துல எழுதி வச்சிருப்பாங்க. வருஷா வருஷம் திருத்துறேன்.

மூன்றாம்கியர்:
நடுவுல வர்றேன். இந்த மாதிரிக் கணக்குல எனக்குப் பிடிக்காதது டாக்ஸி கணக்கு. "நிலைக் கட்டணம் எவ்வளவு, கிலோமீட்டருக்கு எவ்வளவு?" 2013ல சென்னை ஆட்டோவுக்கு அறிவிச்ச கட்டணத்தை வச்சுப் பாருங்க: முதல் 1.8 கி.மீ.க்கு 25 ரூபாய், அப்புறம் கி.மீ.க்கு 12. (மீட்டர் போட்டுப் போனவங்க கையைத் தூக்குங்க.) 10 கி.மீ. போனா 123.40, 15 போனா 183.40. ரெண்டு சமன்பாடு போட்டுக் கழிச்சா 5 கி.மீ.க்கு 60, அதாவது 12. சரிதான். நிலைக் கட்டணம்? 3.40 வரும்! மீட்டர்ல அப்படி ஒரு எண்ணே கிடையாது.

மிச்சம்மீதி:
அதானே! சமன்பாடு பொய் சொல்லுது.

கரும்பலகை:
பொய் சொல்லல. 25ல 1.8 கி.மீ. ஓட்டமும் அடக்கம். அதுக்கான 21.60ஐக் கழிச்சா அதே 3.40. அந்தக் கோடு 1.8 தாண்டினாத்தான் செல்லும், கேள்வி அதைச் சொல்லணும். ஆனா நல்ல உதாரணம் சார், திங்கக்கிழமை வகுப்புல எடுத்துக்கறேன்.

செம்பருத்தி:
நண்பன் கணக்கைப் பையன்கிட்ட கொடுத்தேன். இந்தத் தடவை சமன்பாடு எழுதினான்: மு + 100 = 2இ, இ + 10 = 6மு. முதலாமவன்கிட்ட 120/11 ரூபாய் வந்துச்சு. "கேள்வியே தப்பு"ன்னு போய்ப் படுத்துட்டான்.

கரும்பலகை:
நீக்கல் எல்லாம் ஒழுங்காப் பண்ணியிருக்கான். காலையில எழுப்பி ஒண்ணே ஒண்ணு கேளுங்க: 100 கொடுத்தவன் கையில எவ்வளவு மிச்சம்?