மூன்று பிரெஞ்சுச் சொற்கள், தமிழில் ஒரே ‘புதுப்பித்தல்’ போதுமா?

ரோஸ்ஹில்_தமிழ்:
வணக்கம். கோயில் திருப்பணி அறிவிப்பைப் பிரெஞ்சிலும் தமிழிலும் அச்சடிக்க வேண்டும். பிரெஞ்சு வரைவில் ரெனொவாசியோன், ரெனூவெல்மான், ரெஜெனெராசியோன் மூன்றும் வருகின்றன. மூன்றுக்கும் ‘புதுப்பித்தல்’ என்றே போடலாமா?

சுதைக்கரண்டி:
வேண்டாங்க. புதுப்பிப்பது பாஸ்போர்ட்டை. ஆகம வழக்கில் கும்பாபிஷேகம் நான்கு வகை: புதிதாகக் கட்டியது ஆவர்த்தம், வெள்ளத்தாலோ கடலாலோ அழிந்து பூசையற்றுப் போனதை மீண்டும் எழுப்பினால் அனாவர்த்தம், பழுது பார்த்தால் புனராவர்த்தம், திருட்டு, தீட்டு நேர்ந்தபின் செய்வது அந்தரிதம். சுதை (சுண்ணாம்புச் சாந்து வேலை) பெயர்ந்து, 12 ஆண்டு கழித்துச் செய்கிறீர்கள் என்றால் புனராவர்த்தம்தான்.

முதலில் பாலாலயம்: மூலவர் சக்தியைக் கும்பத்தில் ஆவாகனம் செய்து இடம் மாற்றாமல் கருவறையில் உளி வைக்கக் கூடாது. முடிவில் அஷ்டபந்தனம், அதாவது சிலையைப் பீடத்தோடு ஒட்டவைக்கும் எட்டுப்பொருள் மருந்து: கொம்பரக்கு, குங்கிலியம், சுக்கான்தூள், கற்காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய். இந்த மருந்தை இடித்துச் சேர்ப்பதில்தான் சோம்பல் காட்டுவார்கள். சரியாக இடிபடாத மருந்து விரிசல் விட்டு, அபிஷேக நீர் பீடத்துக்கு அடியில் இறங்கும். அவசரத்துக்கு சிமென்ட் பூசுவது அதைவிட மோசம்.

கடலோரக் கோபுரமானால் வர்ணத்துக்கு முன் சுதையைத் தட்டிப் பாருங்கள். பொத்தென்று கேட்டால் அங்கே உடைத்து, கம்பித் துருவை வெறும் இரும்பு தெரியும்வரை சுரண்டுங்கள். துரு உப்பித்தான் பொம்மையின் கை விழுகிறது.

மறுதாம்பு:
சுதைக்கரண்டி ஐயா சொன்னது சரி, ஆனால் ரெஜெனெராசியோன் விட்டுப்போச்சு. அது தானே துளிர்ப்பது. கரும்பையே பாருங்கள்: வெட்டிய கட்டையிலிருந்து வருவது மறுதாம்பு; விளைச்சல் விழுந்ததும் கட்டையைப் பிடுங்கிக் கரணை (கரும்புத் துண்டு) நடுவது மறுநடவு, அதுதான் ரெனூவெல்மான். தரையோடு ஒட்ட வெட்டாவிட்டால் மேல்கணு முளைத்துத் தூர் வேர் பிடிக்காமல் சாயும். குட்டை நோய் வெட்டுக்கத்தி வழியே பரவும்; அதனால் விதைக்கரணையை 50 டிகிரி வெந்நீரில் 2 மணி நேரம் வைப்பார்கள். சூடு கூடினால் கண் அவிந்துபோகும்.

ரோஸ்ஹில்_தமிழ்:
நன்றி. அப்படியானால் ரெனொவாசியோன் என்ற கட்டட வேலைக்குத் திருப்பணி, சடங்குக்குப் புனராவர்த்த கும்பாபிஷேகம். வரைவில் ரெஜெனெராசியோன் நந்தவனத்துக்குத்தான் வருகிறது. பழைய வேப்பமரத்தைக் கிளை கழித்து விடுகிறார்கள்.

மறுதாம்பு:
அதற்கு ‘மறுதுளிர்ப்பு’ போடுங்கள். புதுக்கன்று வைத்தால் மட்டும் ‘மறுநடவு’.